கண்டிக்கு வீதி அமைத்த மேஜர் ஸ்கின்னர்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருபவர்கள் கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தைக் காணாமல் வர முடியாது. கண்டி வீதியை அமைத்த கெப்டன் டோசனுக்காக 1832இல் கட்டி முடிக்கப்பட்ட கோபுரம் அது. அதே வீதியில் சிறுவனாக வேலை பழகி, பின்னர் நாடு முழுவதற்கும் வீதி போட்ட மேஜர் தோமஸ் ஸ்கின்னரை நம் மாணவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஸ்கின்னர் 1804இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் பிறந்தவர். தந்தை பிரித்தானியப் படை அதிகாரி. தந்தை திருகோணமலையில் கடமையாற்றியபோது இங்கு வந்து, பதினைந்து வயதளவில் இலங்கை றைபிள் படையணியில் சேர்ந்தார். அந்தப் படையணியின் சிப்பாய்களில் பெரும்பாலானோர் மலாய் முஸ்லிம்கள். 1820இல் பதில் ஆளுநராக இருந்த எட்வர்ட் பான்ஸ், இந்தப் பையனிடம் கண்டி வீதியின் ஒரு பகுதியை ஒப்படைத்தார். அவருக்குப் பொறியியல் படிப்பு எதுவும் இருக்கவில்லை. எல்லாம் வேலை செய்துகொண்டே கற்றதுதான். பிறகு நில அளவையையும் தானாகவே பழகி, மலைக் காடுகளில் அலைந்து கண்டி மாகாணங்களை அளந்து வரைபடமாக்கினார்.

அதற்கு முன் மலைநாட்டில் வீதி என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. எதிரிப் படை இலகுவில் நுழையக் கூடாது என்பதற்காகக் கண்டி மன்னர்கள் ஒற்றையடிப் பாதைகளையே வைத்திருந்தார்கள். அந்தப் பாதைகளில் பொதி மாடுகளை ஓட்டி, கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் மேலே கொண்டு சென்று, பாக்கைக் கீழே கொண்டு வந்தவர்களில் சோனகர்கள் முக்கியமானவர்கள். தவளம் என்று சொல்வது இதைத்தான். மன்னரின் மடிகே பகுதியில் அவர்களுக்குத் தனி இடமே இருந்தது. வண்டி வீதி வந்ததும் தவளத்தின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. ஆனால் அதே வீதியோரம் கடைகளும் வந்தன.

தொடக்கத்தில் அந்த வீதியை வெட்டியவர்கள் கூலி பெற்றவர்கள் அல்லர். இராஜகாரிய முறையின் கீழ் கட்டாயமாக அழைத்து வரப்பட்ட கிராமத்தவர்கள். 1832இல் கோல்புறூக் விதந்துரைகளை அடுத்து அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இல் கொண்டுவரப்பட்ட வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, இல்லையேல் மூன்று ஷிலிங் என்றது. மாத்தளைக் கிளர்ச்சிக்கு மக்களைத் தள்ளிய காரணங்களில் அதுவும் ஒன்று. அப்போது வீதிகளுக்குப் பொறுப்பான ஆணையாளர் ஸ்கின்னர்தான். இதை மறந்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல.

ஆனாலும் அவரை நான் மதிப்பது அடுத்த ஆண்டு அவர் செய்த ஒரு காரியத்துக்காக. 1849இல் நாட்டு மக்களின் நிலை பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். தான் முதலில் கண்ட கண்டிக் கிராமங்கள் எப்படி மாறிவிட்டன என்பதை அதில் விபரித்தார். வருமானத்துக்காக அரசாங்கமே உரிமம் விற்றுச் சாராயத் தவறணைகளைப் பரப்பியதையும், குடியறியாத கிராமங்கள் அதனால் சீரழிந்ததையும் கண்டித்தார். அரசின் சம்பளத்தில் இருந்துகொண்டு அரசின் வருமான வழியையே குறை சொன்ன அதிகாரிகள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? தன் வீதி வழியாகக் கிராமத்துக்குள் போனது எது என்பதை அவர் மறைக்கவில்லை. இன்று அதே வீதியோரப் பாடசாலைகளில் போதைப்பொருளுக்கு அஞ்சி மாணவரின் புத்தகப் பைகளைச் சோதிக்கும் நமக்கு இது பழங்கதையாகத் தெரியவில்லை.

அதன் பின்னரும் அரச சேவையில் உயர்ந்து, கணக்காய்வாளர் நாயகமாகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் இருந்தார். 1867இல் ஓய்வு பெற்றபோது நாட்டில் சுமார் 3,000 மைல் வீதிகள் இருந்தன. கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டில்தான். 1877இல் இங்கிலாந்தில் காலமானார். அவரது நினைவுக் குறிப்புகளை மகள் 1891இல் நூலாக்கினார். அவர் முதலில் சேர்ந்த இலங்கை றைபிள் படையணி, அவர் இறப்பதற்கு முன்பே, 1873இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதிலிருந்த மலாய்ச் சிப்பாய்கள் பலர் பொலிஸில் சேர்ந்தார்கள்.