கங்காரு வாலில் கிடைத்த விடை: புரத ஆய்வில் தடம் பதித்த ஜி.என்.இராமச்சந்திரன்

பெர்மாஸ் ஜெயா, ஏப். 7 – படிவம் நான்கிலும் ஐந்திலும் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் புரதம் தெரியும். அதன் வடிவத்தைச் சரிபார்க்க உலகமே பயன்படுத்தும் ஒரு வரைபடம் சென்னையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தந்த ஜி.என்.இராமச்சந்திரனின் நினைவு நாள் இன்று.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த பின், மின்பொறியியல் பயில பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே சர் சி.வி.இராமன் அவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று 1949இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார்.

1952இல், 30 வயதை எட்டும் வேளையில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்றார். அதையே இராமச்சந்திரன் கையில் எடுத்தார்.

எக்ஸ்ரே கதிர் முன் எந்த மாதிரியை வைப்பது என்பதுதான் முதல் சிக்கல். மாதிரி சரியில்லை என்றால் படமும் தெளிவாக விழாது. சுறாத் துடுப்பு இழை போதுமானதாக இல்லை. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் தசைநாணைத் தருவித்துக் கொடுத்தது. அந்த இழையை நேராக நிறுத்தி, மெல்லிய கதிரைப் பாய்ச்சி, பின்னால் வைத்த படச்சுருளில் விழுந்த புள்ளிகளை அளந்தார்கள். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட விடை: மூன்று சங்கிலிகள் சேர்ந்ததே கொலாஜன். மறு ஆண்டு, அவை மூன்று புரிக் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பதையும் காட்டினார்.

ஆனால் பாராட்டோடு அடியும் விழுந்தது. சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருப்பதாகக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரிக்கும் ரிச்சும் குறை கூறி, திருத்திய வடிவத்தை வெளியிட்டனர். மூன்று புரி என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை. இராமச்சந்திரன் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் பலன்தான் சி.இராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம்.

பின்னர் பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு மட்டும் அவரைத் தேடி வரவில்லை. இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 1998இல் துணைவியார் இராஜலட்சுமியை இழந்தார். 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார்.

இன்று புரதப் படிகங்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, இயந்திரக் கைகளே எக்ஸ்ரே கதிர் முன் கொண்டுபோய் நிறுத்துகின்றன. கருவிகள் எவ்வளவோ மாறினாலும், கிடைக்கும் வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தையே நாடுகிறார்கள். வசதி குறைவு என்று தயங்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் இவர் கதையைச் சொல்லுங்கள். பக்கத்து நிலையத்தில் கேட்டு வாங்கிய ஓர் இழையில் தொடங்கியதுதான் அந்தச் சாதனை.