கால்கள் தளர்ந்தும் நடந்தவர்



‘கப்பலோட்டிய தமிழன்’ என்ற பழைய திரைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுதந்திர தினத்தை ஒட்டித் தொலைக்காட்சியில் அடிக்கடி போடுவார்கள். 1961-ல் வெளிவந்த படம். பி.ஆர்.பந்துலு இயக்கியது. வ.உ.சிதம்பரனாராக நடித்தவர் சிவாஜி கணேசன்.

அந்தப் படத்தில் என் மனதை விட்டு நீங்காத ஒரு காட்சி உண்டு. சிறையிலிருந்து விடுதலையாகி வரும் சிதம்பரனார் முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார். நோயால் உருவமே மாறிப்போன மனிதர். இவர் யார் என்று தெரியாமல் சிதம்பரனார் திகைக்கிறார். பிறகுதான் புரிகிறது. தன்னோடு ஒரே மேடையில் சிங்கம் போல முழங்கிய அதே நண்பர்! அந்த வேடத்தில் நடித்தவர் டி.கே.சண்முகம். அவர் நடித்துக் காட்டிய அந்த நண்பர்தான் சுப்பிரமணிய சிவா.

படத்தில் அவருடைய கதை கொஞ்சம்தான் வருகிறது. ஏனென்றால் அது சிதம்பரனாரின் கதை. சிவாவின் மீதிக் கதை நடந்தது எங்கே தெரியுமா? நம் தர்மபுரி மாவட்டத்தில், பாப்பாரப்பட்டியில்! எங்கள் கம்பைநல்லூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து பாப்பாரப்பட்டிக்கு இன்னொரு பேருந்து. அவ்வளவு பக்கம். கோபாலபுரத்தில் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் அவர் பெயர்தான். கரும்பு வண்டிகள் போவதைப் பார்க்கிறோம். பெயருக்கு உரியவரை எத்தனை பேர் அறிவோம்?

வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

வத்தலக்குண்டுச் சிறுவன்

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டில், 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி பிறந்தார் சிவா. குடும்பத்தில் வறுமை. மதுரையில் படித்தார். பிறகு திருவனந்தபுரத்தில், இலவசமாகச் சோறு போடும் சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டு படித்தார்.

சிறு வயதிலேயே அவருக்குக் கடவுள் பக்தி அதிகம். வேதாந்த நூல்களைத் தேடிப் படித்தார். தேசப்பற்று வந்தபோது பக்தியை அவர் விட்டுவிடவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார். நாட்டைத் தாயாக நினைத்தார்; அந்தத் தாயையே தெய்வமாக வணங்கினார். அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு போட்டதும் குற்றம்!

அக்காலத்தில் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்குப் போட்டியாகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார் சிதம்பரனார். 1908-ம் ஆண்டுத் தொடக்கத்தில் சிவா அங்கே வந்து சேர்ந்தார். சிதம்பரனார் அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். இருவரும் சேர்ந்து கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பேசினார்கள். சிவா பேசினால் கேட்பவர் இரத்தம் சூடேறும் என்பார்கள் பெரியவர்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி, நீண்ட நேர வேலை, வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. இருவரும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் தொழிலாளர்களுக்குக் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை விளையாடும் நீங்கள் அந்த மனிதர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஆங்கிலேய அரசு சும்மா இருக்குமா? மார்ச் 12-ம் தேதி இருவரையும் கைது செய்தது. அரசுக்கு எதிராகப் பேசியதாக ராஜத்துரோக வழக்கு. ஜூலை மாதம் தீர்ப்பு வந்தது. சிவாவுக்குப் பத்து ஆண்டு. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டு. அதில் ஓர் ஆயுள் தண்டனை எதற்குத் தெரியுமா? சிவாவுக்கு வீட்டில் இடம் கொடுத்து, சோறு போட்டு உதவியதற்கு! மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவாவின் பத்து ஆண்டு ஆறானது. கைதானபோது அவருக்கு வயது 23.

சிறை தந்த பரிசு

திருச்சி, சேலம் சிறைகளில் சிவா அடைக்கப்பட்டார். கடுமையான வேலைகள். அவற்றில் ஒன்று, நாற்றமடிக்கும் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்வது. சிறையில் இருந்தபோதுதான் அவருக்குத் தொழுநோய் வந்தது.

அந்த ரோம வேலையால்தான் நோய் வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873-லேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஒரு நாளில் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. கிருமி தெரிந்துவிட்டதே தவிர, அதைக் கொல்லும் மருந்து அப்போது கிடையாது. நரம்புகள் பாதிக்கப்பட்டுத் தோலில் உணர்ச்சி குறையும். சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. காயங்கள் புண்ணாகும்.

1912 நவம்பர் 2-ம் தேதி சேலம் சிறையிலிருந்து வெளியே வந்தார் சிவா. 28 வயது இளைஞர். உடலில் தீராத நோய். வேறொருவராக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார், இல்லையா?

பேனாவைப் பிடித்த கை

அவர் சென்னைக்குப் போனார். 1913-ல் ‘ஞானபாநு’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவுச் சூரியன் என்பது அந்தப் பெயரின் பொருள். அப்போது புதுச்சேரியில் இருந்த பாரதியார் அந்த இதழில் எழுதினார். சிதம்பரனாரும் எழுதினார். இதழை நடத்துவதற்கு உடல் உழைப்பும் வேண்டும், பணமும் வேண்டும். சிவாவிடம் இரண்டும் குறைவாகவே இருந்தன.

1915-ல் அந்த இதழில் ஓர் அறிவிப்பு வந்தது. வடமொழிச் சொற்கள் கலக்காமல் தமிழிலேயே கட்டுரை எழுதுபவருக்கு ஐந்து ரூபாய் பரிசு. அக்காலத்தில் ஐந்து ரூபாய் பெரிய தொகை. அதே ஆண்டில்தான் அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் காலமானார். வீட்டில் துயரம், உடலில் வலி. ஆனாலும் எழுத்து நிற்கவில்லை.

‘ராமானுஜ விஜயம்’, ‘மத்வ விஜயம்’ என்று ஆன்மிகப் பெரியோர்களைப் பற்றி எழுதினார். ‘சிவாஜி’, ‘தேசிங்குராஜன்’ என வீரர்களைப் பற்றி நாடகங்கள் எழுதினார். கற்பனையில் அவருடைய வீரர்கள் குதிரையேறிப் பறந்தார்கள். எழுதியவரின் விரல்களோ புண்ணோடு இருந்தன.

ரயிலில் ஏறக் கூடாது!

எழுதினால் மட்டும் போதாது, ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தார். அரசுக்கு அது பிடிக்கவில்லை. தொழுநோய் உள்ளவர் ரயிலில் பயணம் செய்யக் கூடாது என்று தடை போட்டது.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் அப்போதும் மொரப்பூர் வழியாகத்தான் போனது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் ஓசூருக்கும் ஒரு சின்ன ரயில் இருந்தது. பின்னாளில், 1941-ல், அது நிறுத்தப்பட்டது. ஆக, ரயில் இருந்தது. ஆனால் அவர் ஏறக் கூடாது.

அவர் என்ன செய்தார்? புண்களின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டார். கிடைத்த இடத்தில் மாட்டு வண்டி. கிடைக்காத இடத்தில் நடை. சேலத்துக்கும் மதுரைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று உங்கள் வரைபடத்தில் பாருங்கள். பாதத்தில் புண்ணோடு அந்தத் தூரங்களைக் கடந்தவர் அவர். 1921-ல் துறவியாகி ‘சுதந்திரானந்தர்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் மறுபடியும் கைதானார். நோயாளி என்றும் பார்க்காமல் அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

பாப்பாரப்பட்டியில் ஒரு கனவு

வெளியே வந்தவர் மனதில் ஒரு பெரிய கனவு இருந்தது. பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும். அதில் சாதி, மதம், மொழி எதுவும் கேட்கக் கூடாது. எல்லாரும் உள்ளே வரலாம், எல்லாரும் வணங்கலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? அக்காலத்தில் பல கோயில்களில் எல்லாச் சாதியினரும் நுழைய முடியாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் எல்லாரும் நுழைந்தது 1939-ல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இப்படி ஒரு கோயிலை மனதில் கட்டிவிட்டார் சிவா.

அந்தக் கோயிலுக்கு அவர் தேர்ந்தெடுத்த ஊர்தான் பாப்பாரப்பட்டி. அப்போது அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நண்பர்கள் துணையோடு நிலம் வாங்கி, அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அவ்வளவு பெரிய தலைவரை இந்தச் சின்ன ஊருக்கு வரவழைத்தது நோயால் வாடிய ஒருவரின் நம்பிக்கை!

கோயிலுக்குப் பணம் திரட்டச் சிவா மறுபடியும் ஊர் ஊராகப் போனார். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. 1925 ஜூனில் சித்தரஞ்சன் தாஸ் மறைந்தார். அடுத்த மாதம், ஜூலை 23-ம் தேதி, பாப்பாரப்பட்டியில் சிவாவும் கண்களை மூடினார். அவருக்கு 41 வயதுகூட நிரம்பவில்லை. கோயில் எழும்பவில்லை.

ஒரு மாணவியின் கேள்வி

நான் பணியில் இருந்தபோது ஒரு முறை மாணவர்களைப் பாப்பாரப்பட்டிக்கு அழைத்துப் போனேன். அவருடைய நினைவிடத்தின் முன் நின்று இந்தக் கதையைச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னைக் கேட்டாள், கோயிலைக் கட்டாமலே இறந்துவிட்டாரே, அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா என்று.

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் சிறுவயது நினைவு ஒன்று வந்தது. எங்கள் தெருவுக்குத் தொழுநோய் வந்த முதியவர் ஒருவர் வருவார். என் பாட்டி அவருக்குக் கொட்டாங்குச்சியில் மோர் ஊற்றி, எட்ட நின்று வைப்பார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரு நாளும் அவர் பெயரைக் கேட்டதில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

சிவாவைப் பார்த்தும் அப்படி எத்தனை பேர் கதவைச் சாத்தியிருப்பார்கள்! ரயில் பெட்டிக் கதவையே சாத்தினார்களே! அப்படி ஒதுக்கப்பட்டவர், யாரையும் ஒதுக்காத ஒரு கோயிலைக் கனவு கண்டார். தம் மேல் கதவு சாத்தப்பட்டது என்று அவர் மற்றவர்களை வெறுக்கவில்லை. எல்லாருக்கும் திறந்திருக்கும் கதவு ஒன்றை நினைத்துப் பார்த்தார். இது எப்படித் தோல்வியாகும்? இதைத்தான் அந்தச் சிறுமிக்குச் சொன்னேன்.

பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் அமைத்தது. பாரத மாதா நினைவாலயமும் அங்கே எழுந்துவிட்டது. விடுமுறையில் அப்பா, அம்மாவோடு போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்று தொழுநோயை முழுமையாகக் குணப்படுத்தலாம். 1980-களில் வந்த கூட்டு மருந்துதான் அதற்குக் காரணம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சாப்பிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். அந்த நோய் வந்தவர் யாரையாவது பார்த்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். அருகில் போய் அவர் பெயரைக் கேளுங்கள்.

நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்கள் அல்லவா?

- ஓய்வு பெற்ற ஆசிரியர், கம்பைநல்லூர்