பிள்ளைகளுக்குப் பாடி நடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவர்
தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

ஒரு காலத்தில் நம்ம பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் நாடகம் இல்லாமல் முடியாது. இதைப் பாரோய் வட்டாரத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரட்டுக் களத்தில் பலகை போட்டு மேடை கட்டி, கேஸ் லைட்டைத் தொங்கவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவுகிற வரை நடக்கும். காலையில் பால் வெட்டப் போன அதே ஆள்தான் ராத்திரி அரிச்சந்திரன். மீசையை எடுத்துவிட்டு, இரவல் சேலை கட்டி நிற்கிறவர் பவளக்கொடி. மறுநாள் வேலைக்காட்டில் கங்காணிகூட அவரைப் பவளக்கொடி என்றுதான் கூப்பிடுவார்!

என் தகப்பனார் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் நாரதர் வேடம் கட்டியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பாட்டு நோட்டு ஒன்று வைத்திருந்தார். கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியது. இந்தப் பாட்டெல்லாம் யார் கட்டினது என்று சின்ன வயதில் கேட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத்தான் அவருக்குத் தெரியும். அந்த வாத்தியாருக்கு அவருடைய வாத்தியாரைத் தெரிந்திருக்கும். அப்படியே ஏணிப்படி மாதிரி மேலே ஏறிப் போனால் உச்சியில் நிற்கிறவர் ஒருவர். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய பெயர் தெரியாமலேயே அவருடைய தமிழைப் பாடி வாழ்ந்தவர்கள் நம் பெற்றோர்கள். ஆகவே இந்தப் பரிசளிப்பு விழா மலரில், மேடையேறும் நம் மாணவச் செல்வங்களுக்காக, அன்னாரது வரலாற்றைச் சொல்லலாம் என்று எண்ணினேன்.

சுவாமிகள் பிறந்தது 1867 செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். தகப்பனார் தாமோதரனார் இராமாயணத்தில் தேர்ந்தவர். முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் இலக்கண இலக்கியம் கற்றார். வெண்பா, கலித்துறை, சந்தம், வண்ணம் என்று எதைக் கேட்டாலும் நின்ற இடத்தில் பாடக்கூடிய ஆற்றல் அங்கே வந்தது. ஆனால் பாட்டு சோறு போடுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போனார். மனசு அதில் ஒட்டவில்லை. 24ஆம் வயதில் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாடகத்திற்கு வந்துவிட்டார்.

முதலில் நடிகராகத்தான் வந்தார். அதுவும் எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் என்று பயங்கரமான வேடங்கள். ஆஜானுபாகுவான தோற்றம், கணீரென்ற குரல். நாடக உலகில் வழிவழியாக ஒரு செய்தி சொல்வார்கள். நளன் கதையில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடிகிற நேரத்தில் வேடத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போயிருக்கிறார். அங்கே துணி வெளுக்க வந்த பெண் அந்தக் கோலத்தை அரையிருட்டில் பார்த்து, பயத்திலேயே உயிரை விட்டாளாம். சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துபோனதாகவும் சொல்வார்கள். அதற்குப் பிறகு சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்பது செய்தி.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்கவேண்டும். ஊரே நடுங்கும்படி நடிக்கத் தெரிந்த ஒருவர், அந்தத் திறமைக்காகவே கைதட்டல் வாங்குகிற ஒருவர், அதே திறமையால் ஓர் உயிருக்குக் கேடு வந்ததென்று மேடையை விட்டு இறங்கினார். மேடையில் ஏறினவர்களுக்குத் தெரியும், இறங்குவது எவ்வளவு கஷ்டமென்று. இறங்கினவர் சும்மா இருக்கவில்லை. எழுதினார், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தம்மிடமிருந்த நடிப்பையெல்லாம் பிறர் குரலில் ஏற்றிவைக்கிற வேலையை அதற்குப் பிறகுதான் தொடங்கினார்.

இடையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருத்தல யாத்திரை போனார். சுவாமிகள் என்ற பெயர் அதனால் வந்தது. கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாத்திரைக்குப் பிறகு புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்று வைத்துக்கொண்டார். தாளத்தில் புலியான அந்த மனிதரோடு இருந்ததால்தான் சுவாமிகளின் பாட்டில் தாளம் அப்படி நடக்கிறது. எழுதினவை நாற்பது நாடகங்கள் வரை இருக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், லவகுசா என்று பட்டியல் நீளும். சேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையைக்கூட அவர் விடவில்லை.

அந்தக் கால நாடகம் இன்றைய நாடகம் மாதிரி இல்லை. முக்கால்வாசி பாட்டுத்தான். மேல்நாட்டில் ஆப்பரா என்று ஒன்று உண்டு. ராஜா முதல் காவல்காரன் வரை பாடிக்கொண்டேதான் பேசுவார்கள். மரியா கல்லாஸ் என்ற புகழ்பெற்ற ஆப்பராப் பாடகி 1971, 1972ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் ஓர் இசைக்கல்லூரியில் இளம் பாடகர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, பாட்டுக்குள் நடிப்பைக் கொண்டுவருவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். உலகமே அதைப் பெரிதாகப் பேசியது. நம் சுவாமிகள் அதே வேலையை அதற்கு ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால், ஓலைக்கொட்டகையில், ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்துவிட்டுப் போய்விட்டார். பேசத்தான் ஆளில்லை.

அவர் ஏன் பிள்ளைகளிடம் போனார்? பெரிய நடிகர்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவது, எதிரில் நிற்பவரை மட்டம் தட்டப் பாட்டிலேயே சவால் விடுவது, கைதட்டலுக்காகக் கொச்சையாகப் பேசுவது, நாடகத்தன்று குடித்துவிட்டு வருவது என்று எத்தனையோ தொல்லை. இதற்கு மருந்து என்று நினைத்துத்தான் சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை. செங்கோட்டையிலிருந்து வந்த கிட்டப்பா என்ற சின்னப் பையன் அங்கே அரிச்சுவடி படித்தவர்தான். பிறகு ஜெகந்நாதய்யர் கம்பெனியில் வாத்தியார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை. இந்தச் சபையில்தான் கண்ணுசாமிப் பிள்ளை என்ற நடிகர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அதில் ஒருவர் ஆறு வயது சண்முகம். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று தமிழுலகம் கொண்டாடியவர்.

சொல்லிக்கொடுப்பது லேசான காரியமா? மைக் கிடையாது. கடைசிப் பாயில் உட்கார்ந்திருக்கிறவர் காதுக்கும் எழுத்து எழுத்தாகப் போய்ச் சேரவேண்டும். ஓரத்தில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடுவார். அவருடைய சுருதியோடு நிற்கவேண்டும். ஒரே கட்டத்தில் முதலில் விருத்தம் வரும். அதற்குத் தாளம் கிடையாது, இழுத்துப் பாடலாம். உடனே தாளக்கட்டோடு ஒரு பாட்டு. பாட்டு முடிந்த மூச்சிலேயே வசனம். பிறகு எதிராளியோடு தர்க்கப் பாட்டு. சாவித்திரி எமனிடம் வாதாடுகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். விருத்தத்தில் அழுகிறவள், பாட்டில் கெஞ்சுகிறாள், வசனத்தில் நியாயம் கேட்கிறாள், தர்க்கத்தில் எமனையே மடக்குகிறாள். நாலுக்கும் நாலு குரல் வேண்டும். ஆனால் ஆள் ஒருத்திதான் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றவேண்டும். இதைச் செய்யப்போகிறவனோ சேலை தடுக்கி விழுகிற பத்து வயதுப் பையன்! அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் ஒரு இடத்திலும் நிற்காது. ஆகவே பாட்டோடு தமிழையும் சேர்த்தே ஊட்டவேண்டியிருந்தது. சுவாமிகளின் பாட்டிலும் வசனத்திலும் திருக்குறள் கருத்தும் நீதிநூல் கருத்தும் இழைந்தே கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பிள்ளைகளுக்கு நாடகமே பள்ளிக்கூடம். சண்முகம் அவர்கள் பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்று பெரிய நூலே எழுதினார். அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவேண்டியதில்லை.

அந்தச் சண்முகத்துக்காக ஒரு நாடகமே பிறந்த கதை உண்டு. பையனுடைய திறமையைப் பார்த்த சுவாமிகள், அவனைக் கதாநாயகனாக வைத்து ஒரு நாடகம் எழுதவேண்டுமென்று முடிவு செய்தார். ராத்திரி விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது விடியும்போது பாட்டும் வசனமுமாக 'அபிமன்யு சுந்தரி' முழுவதும் எழுதி முடிந்திருந்தது. ஒரே இரவு! நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம். இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த வேகம்கூட அல்ல. ஒரு பிள்ளையின் குரல் எதுவரை போகும், எந்த இடத்தில் அதற்கு மூச்சு வேண்டும் என்பதெல்லாம் மனசில் இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கென்று நாடகம் எழுதமுடியும். சட்டை தைக்க அளவெடுக்கிற மாதிரி அவர் குரலுக்கு அளவெடுத்திருக்கிறார்.

எல்லாம் இனிப்பான கதை என்று நினைத்துவிடாதீர்கள். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை கடினமானது. ஏழைப் பிள்ளைகள்; தாய் முகம் பார்த்து மாசக்கணக்காகும். ராத்திரி முழுக்க நடிப்பு, பகலில் பாடம், தப்பினால் அடி. இந்தக் காலத்தில் நம் பிள்ளைகளை அப்படி அனுப்பச் சம்மதிப்போமா? நான் சம்மதிக்கமாட்டேன். பசியோடு வீட்டில் கிடப்பதைவிட மூன்று வேளைச் சோறும் ஒரு வித்தையும் கிடைக்கிறதே என்று அன்றைய பெற்றோர் அனுப்பினார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறினதும் அந்தப் பசியால்தானே.

அவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினாலு வயதில் பையனுடைய குரல் உடையும். நேற்று வரை குயிலாகப் பாடியவன் இன்று வாயைத் திறந்தால் தகரம் தட்டுகிற சத்தம். சிலருக்குக் குரல் திரும்பி வரும், சிலருக்கு வராது. வராதவன் வேடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கவேண்டியதுதான். ஆனால் பாட்டை மட்டுமே நம்பாமல் பேசவும் முகத்தில் பாவம் காட்டவும் படித்தவன், குரல் போனாலும் மேடையில் ஒரு மூலையாவது பிடித்துக்கொள்வான். நடிப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் அருமை அப்போதுதான் தெரியும்.

கிட்டப்பாவுக்குக் குரல் தங்கிவிட்டது. தங்கியதா, தங்கமாகிவிட்டது! மைக் இல்லாமல் கொட்டகை முழுவதையும் நிறைத்த குரல் அது. பின்னாளில் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரும் அவரும் ஜோடியாகப் பாடி நடித்ததைப் பற்றி இன்றும் பேசுகிறோம். பாவம், 1933இல் 27 வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

மாணவர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வாத்தியாருக்கு விதி வேறு மாதிரி வந்தது. 1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தன. அதோடு போகவில்லை, வாயும் அடைத்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு ராத்திரியில் ஒரு நாடகத்தையே கொட்டினவர். அவரால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. மதுரைச் சபை அவரைக் கைவிடவில்லை. கம்பெனி எந்த ஊருக்குப் போனாலும் அவரையும் கூட்டிக்கொண்டே போனார்கள். பிள்ளைகள் மேடையில் அவருடைய பாட்டைப் பாடினார்கள். தப்பாகப் பாடினாலும் திருத்த அவருக்கு வாயில்லை.

இப்படி ஊர் ஊராகப் போனதில் புதுச்சேரியும் வந்தது. அங்கேதான் 1922 நவம்பர் 13ஆம் நாள், தமது 55ஆம் வயதில் சுவாமிகள் காலமானார். அப்போது சண்முகத்துக்கு வயது பத்து. மூன்று வருஷம் கழித்து, 1925இல், அந்தச் சகோதரர்கள் சொந்தமாக ஒரு சபை தொடங்கினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றது அதற்குப் பிறகுதான். சுவாமிகளின் பெயரை ஊரறியச் செய்ததில் அவர்களுக்கே முதல் பங்கு. மதுரைத் தமுக்கத்தில் சிலை நிற்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறைக்கு அவருடைய பெயர். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் குருபூஜை நடத்துகிறார்கள்.

இங்கே நம்ம தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது கடைவரிசை. என் தகப்பனாரின் பாட்டு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதன் முதல் பக்கத்தில் யார் பெயரும் கிடையாது, வெறும் பிள்ளையார் சுழிதான். போன மாசம் அதற்குக் கீழே பேனாவால் சங்கரதாஸ் சுவாமிகள் என்று எழுதிவைத்தேன்.