கும்பிடுபூச்சிக்கு விருந்திட்டவர்

நுழையும்முன்

உயிரினங்களை அன்பின் பொருட்டு வளர்ப்போர் உண்டு. அழகின் பொருட்டு வளர்ப்போரும் உண்டு. அவற்றின் இயல்பை உள்ளவாறு அறிவதற்காகவே வளர்த்தவர் ஒருவர். சிறு பூச்சிகளுக்கு இரைதேடி அலைந்த அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வேலிச் செடிகளில் முன்கால்களைக் கூப்பியபடி அசையாது நிற்கும் பூச்சியைத் தமிழர் கும்பிடுபூச்சி என்பர். பிரான்சு நாட்டின் தென்பகுதியான புரோவான்சில் வாழ்ந்த உழவர்களும், கடவுளைத் தொழும் பூச்சி என்று பொருள்படும் பெயராலேயே அதனை அழைத்தனர். ஆனால், கூப்பிய அம்முன்கால்களில் வாளின் பற்களையொத்த முட்கள் வரிசையாக அமைந்துள்ளன. தொழுவதுபோல் தோன்றும் அந்நிலை, இரைக்காகக் காத்திருக்கும் நிலையே ஆகும். இதனைப் பல நாள் அருகிருந்து கண்டு எழுதியவர் பூச்சியியல் அறிஞர் ழான் ஹென்றி ஃபாபர்.

வறுமையும் கல்வியும்

ஃபாபர் 1823ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தென்பிரான்சின் மலைப்பாங்கான சிற்றூர் ஒன்றில் பிறந்தார். வீட்டில் உணவுக்கே இடர்ப்பாடு இருந்தமையால், சிறு வயதிலேயே பாட்டனாரின் பண்ணை வீட்டிற்கு அனுப்பப்பட்டார். ஆடுமாடுகளுக்கிடையே வளர்ந்த அச்சிறுவனுக்கு வண்டுகளும் வெட்டுக்கிளிகளும் தோழர்களாயின. தந்தை தொடங்கிய சிறு தொழில்கள் நலிந்தபோது குடும்பம் சிதறியது. பதின்பருவத்தில் அவர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதைப் பணியில் கூலியாளாகவும் உழைத்தார். பின்னர், அவிஞோன் நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் பயின்று, பத்தொன்பது வயது நிரம்புமுன்பே ஆசிரியரானார்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், பூச்சிகளைப் பற்றிய நூல் ஒன்றை அவர் கண்டார். அதன் விலை அவருடைய ஒரு மாத ஊதியத்திற்கு இணையாக இருந்தது. செலவுக்கு என்ன செய்வது என்று தயங்காமல் அந்நூலை வாங்கினார்.

1855ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. ஒருவகைக் குளவி தன் குஞ்சுகளுக்கு உணவாக வண்டுகளைச் சேர்த்து வைக்கிறது. அவ்வண்டுகள் இறந்தவை என்றே அதுவரை கருதப்பட்டது. அவை இறக்கவில்லை, நரம்பு மையத்தில் கொட்டப்பட்டுச் செயலிழந்து கிடக்கின்றன என்று ஃபாபர் நிறுவினார். சார்லஸ் டார்வின் தம் நூலில் ஃபாபரின் கூர்நோக்கை வியந்து போற்றினார். எனினும், ஃபாபரின் வறுமை நீங்கவில்லை. 1870ஆம் ஆண்டு ஆசிரியப் பணியைத் துறந்தபின், மாணவர்க்கான அறிவியல் நூல்களை எழுதிக் குடும்பத்தைக் காத்தார்.

தரிசில் அமைந்த ஆய்வுக்கூடம்

1879ஆம் ஆண்டு, செரிஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலத்துடன் கூடிய வீட்டை வாங்கினார். அது கல்லும் முள்ளும் மண்டிய தரிசு. உழவர் கைவிட்ட அந்நிலத்தைப் பூச்சிகள் விரும்பின. ஆகவே ஃபாபரும் விரும்பினார். உயிரற்ற உடலை அறுத்து ஆராய்வதினும் உயிருள்ளதன் வாழ்க்கையைக் காண்பதே தம் வழி என அவர் கொண்டார்.

கோடையின் பிற்பகுதியில் கும்பிடுபூச்சிகளைப் பிடித்து வந்து கம்பிவலைக் கூண்டுகளில் வைத்தார். ஒவ்வொரு கூண்டும் மணல் நிரம்பிய தட்டின்மேல் கவிழ்க்கப்பட்டது. பூச்சி ஏறி அமர உலர்ந்த செடிக்கொத்தும், முட்டையிடத் தட்டைக் கல்லும் உள்ளே இருந்தன. வெயில் படும் இடத்தில் கூண்டுகள் வரிசையாக நின்றன.

நாள்தோறும் இரை

கூண்டு அமைப்பது எளிது, உணவளிப்பதே அரிது. கும்பிடுபூச்சி உயிருள்ள இரையையே நாடும். கூண்டிலோ அது சில கடி கடித்தபின் எஞ்சியதை எறிந்துவிட்டு அடுத்த இரையைப் பற்றியது. எனவே, நாள்தோறும் புதிய வெட்டுக்கிளிகள் பெருமளவில் தேவைப்பட்டன. ஃபாபர் ஊர்ச் சிறுவர் சிலரின் துணையை நாடினார். ரொட்டித் துண்டும் முலாம்பழக் கீற்றும் கூலியாகக் கிடைக்க, அவர்கள் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைப் பிடித்துச் சிறு கூடுகளில் அடைத்து வந்தனர். வீட்டில் உணவின்றி வெளியே அனுப்பப்பட்ட சிறுவன், முதிர்ந்த வயதில் சிறுவர்க்கு உணவளித்துப் பூச்சிக்கும் உணவு தேடினார்.

சிறப்பான இரையைத் தேடி அவரும் வலையுடன் புறப்பட்டார். கும்பிடுபூச்சியினும் பெரிய வெட்டுக்கிளியையும் வலிய சிலந்தியையும் கொண்டுவந்து கூண்டில் விட்டார். தன்னினும் பெரியதை அது எதிர்க்குமா என்பதே அவருடைய வினா. பெரிய வெட்டுக்கிளி நெருங்கியதும் பூச்சி சிறகுகளை விரித்தது. வயிற்றை உயர்த்தித் தாழ்த்திச் சீறியது. முன்கால்களை அகற்றி உட்புறத்துப் புள்ளிகளைக் காட்டியது. தாவித் தப்ப வல்ல வெட்டுக்கிளி திகைத்து நின்றது. நொடிப்பொழுதில் முட்கால்கள் அதனைப் பற்றின. பூச்சி முதலில் கடித்தது பிடரியை. அங்குள்ள நரம்பு மையம் சிதைந்தவுடன் இரையின் எதிர்ப்பு அடங்கியது.

உணவு நிறைந்திருந்த கூண்டிலேயே பெண்பூச்சிகள் ஒன்றையொன்று கொன்று தின்றதையும், தம்மோடு இணைந்த ஆண்பூச்சிகளை உண்டதையும் அவர் கண்டார். குறையாது உணவிட்டமையால், பசி மட்டுமே இதற்குக் காரணமன்று எனக் கருதினார். ஆண்பூச்சி எப்போதும் உண்ணப்படுவதில்லை என்றும், பெண்பூச்சியின் பசிக்கேற்ப இது மாறும் என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

குஞ்சுகள் கற்பித்த பாடம்

நுரைபோல் சுரந்து இறுகும் முட்டைக்கூட்டில் ஏறத்தாழ நானூறு முட்டைகள் இருக்கும் என அவர் கணக்கிட்டார். கோடைத் தொடக்கத்தில் அதிலிருந்து குஞ்சுகள் திரளாக வெளிவந்தன. எறும்புகள் அவற்றைக் கவர்ந்து சென்றன. எஞ்சியவற்றைக் காத்து வளர்க்க ஃபாபர் முயன்றார். செடிப்பேன்களை அளித்தார், குஞ்சுகள் தீண்டவில்லை. சிறு கொசுக்களையும் ஈயின் துணுக்குகளையும் அளித்தார்; அவற்றையும் ஏற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவை மடிந்தன. பெரிய பூச்சிகளுக்குக் குறைவற விருந்திட்ட கைகளால் அவற்றின் குஞ்சுகளைக் காக்க இயலவில்லை.

அத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. அளித்த உணவுகளையும் குஞ்சுகள் மறுத்ததையும் உள்ளவாறே எழுதினார். குஞ்சுகளின் முதல் உணவு தமக்குத் தெரியவில்லை என ஒப்புக்கொண்டார். வெற்றியைப் பதிவு செய்த அதே நேர்மையுடன் தோல்வியையும் பதிவு செய்தார்.

1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பூச்சியியல் நூல், அறிவியலும் இலக்கியமும் இணைந்த படைப்பாகத் திகழ்கிறது. 1915ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 91ஆம் வயதில், செரிஞானிலேயே ஃபாபர் மறைந்தார். அவர் வாழ்ந்த வீடும் தோட்டமும் இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகின்றன. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் இயற்கையை அறியலாம். அதற்குப் பொறுமையான பார்வையும், தெரியாததைத் தெரியாது எனக் கூறும் துணிவும் வேண்டும். கம்பிவலைக் கூண்டின் முன் அமர்ந்து ஃபாபர் விட்டுச்சென்ற செல்வம் இதுவே.