மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன மாணவர்

மதுராந்தகத்துக்கு அருகில் கோழியாளம் என்றொரு கிராமம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் பஸ்ஸில் போய்வரும் நம் கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஊர்ப் பெயரே தெரியாது. திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர் அது. சிப்பாய்க் கிளர்ச்சி ஓய்ந்து ஓரிரு ஆண்டுகள் கழிந்த நிலையில், ஒரு ஜூலை 7-ம் நாள் அவர் பிறந்தார். அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று ஒரு வரி சொல்லி நாம் அவரை முடித்துவிடுகிறோம். அந்த வரிக்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

ஏழைக் குடும்பம். ஊரில் சாதிக் கொடுமை. பிழைப்பைத் தேடிக் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம் போனது. அங்கே கொடுமை இன்னும் அதிகமாக இருந்ததால், அங்கிருந்து கோயம்புத்தூர் போனது. ஒரு குடும்பம் மூன்று ஊர் மாறியதற்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் நம் சேரிப் பிள்ளைகளில் கல்லூரி வாசல் வரை போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். அங்கே சீனிவாசன் நாளைக் கழித்த விதத்தை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் சீக்கிரம் போனாலும் உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது ஓர் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வார். மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு வகுப்புக்குள் நுழைவார். மாலையில் மணி அடித்ததும் யாரும் பின்னால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஊர் எது, தெரு எது, என்ன சாதி என்று கேள்வி வளரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு நாள்கூட விளையாடாமல் இருந்தார். இந்த நெருக்கடியிலிருந்து மீள்வது எப்படி என்று அப்போதே யோசித்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இன்றும் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் சொந்த ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி, காலனி என்ற சொல்லை விழுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல.

படிப்பை முடித்துக்கொண்டு நீலகிரிக்குப் போனார். அங்கே ஐரோப்பியர் நடத்திய வியாபார நிறுவனத்தில் கணக்கர் வேலை. சுமார் பத்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பத்து ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வரவு எழுதவும் செலவு எழுதவும், ரசீது வைத்துக்கொள்ளவும், கடிதப் போக்குவரத்து நடத்தவும் அவர் பழகியது அங்கேதான். பின்னாளில் பத்திரிகை நடத்தியபோதும், அரசாங்கத்துக்கு மனுமேல் மனு அனுப்பியபோதும் அந்தக் கணக்கரின் பழக்கம் கைகொடுத்தது.

1887-ல் ரங்கநாயகி அம்மையாரை மணந்தார். 1890-ல் சென்னைக்கு வந்தார். வந்ததும் சங்கம் தொடங்கவில்லை. மேடை போடவும் இல்லை. கிராமம் கிராமமாக நடந்தார். நூலகங்களில் பழைய ஏடுகளைத் தேடினார். நம் மக்கள் எப்போது இந்த நிலைக்குத் தள்ளப்பட்டார்கள், அதற்கு முன்பு என்னவாக இருந்தார்கள் என்று மூன்று ஆண்டுகள் போல விசாரித்துக்கொண்டே இருந்தார்.

அமெரிக்காவில் இப்போது ஒவ்வொரு பிப்ரவரி மாதத்தையும் கறுப்பின மக்களின் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளிகளில் கூட்டம், வியாபாரிகள் சங்கங்களில் கூட்டம், இளைஞர்களுக்குப் பயிற்சி என்று அந்த மாதம் போகிறது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, சுரங்கத்தில் வேலை செய்து படித்து, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கார்ட்டர் உட்சன் என்ற அறிஞர் 1926-ல் அதை ஒரு வாரமாகத் தொடங்கினார். 1976-ல் அது மாதமானது. தன் வரலாறு தெரியாத பிள்ளை அடுத்தவன் கட்டிய கதையை நம்பிக் கூனிப் போகும் என்பது உட்சனின் கவலை. அதே கவலையோடு நம் மதுராந்தகத்துக்காரர் அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே ஊர் ஊராக அலைந்திருக்கிறார். அவருக்கு ஒரு வாரமும் இல்லை, மாதமும் இல்லை.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் நம் மாவட்டத்திலும் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். சொந்தமாகக் குழி நிலம்கூட இல்லை, குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது, கேள்வி கேட்டால் வீட்டைவிட்டே துரத்துவார்கள் என்ற நிலையை அரசாங்கத்தின் கண்முன் வைத்தார். அதன் விளைவாக 1892-ல் வந்த அரசாணையின்படி கொடுக்கப்பட்டவைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலங்கள். நூறு ஆண்டு கழித்து, 1994-ல், மாமல்லபுரத்தை ஒட்டிய காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்ததும், ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டதும் இந்தக் கடற்கரைப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1892-ன் காகிதம் 1994 வரை பேசியிருக்கிறது.

சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கினார். கையிலிருந்து போட்டது சுமார் பத்து ரூபாய். நான்கு பக்கங்கள். பத்திரிகையின் பெயர் 'பறையன்'.

கோயம்புத்தூரில் எந்தச் சொல் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தாரோ, அந்தச் சொல்லையே பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கடைவீதிக்கு அனுப்பினார். பெயரை மாற்றிக்கொண்டு தப்பித்தால், தப்பித்தவர் ஒருவர்தான். மிச்சப்பேர் அங்கேயே கிடப்பார்கள். அந்தப் பெயரோடுதான் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாச பண்டிதரே ஒப்புக்கொள்ளவில்லை. அது பிறர் இட்ட இழிபெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது பண்டிதரின் கட்சி. பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' அந்த வழியில் போனது. ஒரே குடும்பத்தில் இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள், இரண்டு வழி. யார் சரி என்று இன்றும் நம் வீடுகளில் வாக்குவாதம் நடக்கிறது. நடக்கட்டும்.

பத்திரிகை மூன்று மாதத்தில் வார இதழானது. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சுக்கூடம் வந்தது. பத்து ரூபாய் முதலில் தொடங்கி, சேரி மக்கள் வாங்கிப் படித்த காசில் ஏழு ஆண்டுகள் ஒரு தொழிலாக அதை நடத்தினார். நம்மவர்களுக்கு வியாபாரம் வராது என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். இன்று அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம் மானியம் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் மனுக் கொடுக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இத்தனை விடுதிகள் வந்தும் நம் பிள்ளைகள் வாசலில் காவலுக்கே நிற்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல நேர்ந்தது.

1896-ல் பத்திரிகையில் வெளியான ஒரு வாசகர் கடிதத்துக்காக வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் நூறு ரூபாய் அபராதம் விதித்தது. ஆசிரியர் ஜெயிலுக்குப் போய்விடுவாரோ என்று பயந்த ஜனங்கள் பண முடிப்போடு நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். அபராதத்தை அவர்களே கட்டினார்கள். அந்த நூறு ரூபாயில் எத்தனை கூலிக்காரர்களின் காலணா இருந்திருக்கும்!

பத்திரிகை தொடங்கிய ஆண்டு டிசம்பரில் இன்னொரு பெரிய காரியத்தைச் செய்தார். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடந்தால் பள்ளிக்கூடமே பார்க்காத நம் மக்களில் ஒருவரும் தேற முடியாது, மேல்சாதியார் மட்டுமே கலெக்டராக வந்து உட்காருவார்கள் என்று சீனிவாசன் எதிர்த்தார். சென்னையில் கூட்டம் போட்டு, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். இதற்காக அவரை வெள்ளைக்காரர் பக்கம் நின்றவர் என்று இன்றுவரை குறை சொல்கிறவர்கள் உண்டு. தேர்வு எழுதுவதற்கு முன்னால் பள்ளியில் சேர வேண்டுமே, அந்தப் பள்ளியில் நமக்கு இடம் எங்கே என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் குறை சொல்லலாம்.

1900-த்தோடு பத்திரிகை நின்றது. இங்கிலாந்துக்கே போய் மக்களின் குறையைச் சொல்வது என்று கப்பல் ஏறினார். லண்டன் போய்ச் சேரவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கி, பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை.

நேட்டாலுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கூலிக் கப்பல் போனது 1860-ல். செங்கல்பட்டு, வடஆற்காடு மாவட்டங்களிலிருந்து அதன் பின் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். இங்கே பண்ணையில் கிடந்தவர்கள் அங்கே தோட்டத்தில் கிடந்தார்கள். கூண்டில் நிற்கும் தமிழ்க் கூலிக்கு நீதிபதி பேசும் இங்கிலீஷ் புரியாது. நீதிபதிக்கு இவர் தமிழ் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லும் வேலையைச் சீனிவாசன் பார்த்தார். கறுப்பு மக்களை வெள்ளையர் ஒதுக்கி வைத்திருந்த நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அங்கே காந்தியாருடன் பழக்கம் ஏற்பட்டது. தமிழில் கையெழுத்துப் போடக் காந்தியாருக்குக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்ற செய்தியும் உண்டு.

1920-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வெடுக்கிற வயது. 1923-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம்; பொதுக் கிணறு, குளம், அரசாங்க அலுவலகம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் எதிலும் மற்றவர்களைப் போலவே தாழ்த்தப்பட்டவர்களும் போய்வரலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசிதழிலும் வெளியானது. தெருவில் நடப்பதற்கு ஒரு சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் காகிதத்தில் வந்த பாதை காலுக்கு வர எத்தனை காலம் ஆனது என்பதை அவரவர் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் வரிசையாக வந்தன. 1930-லும் 1931-லும் வட்டமேசை மாநாடுகளுக்கு லண்டன் போனார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு போய்ச் சேர முடியாத ஊர். அவருக்கு எழுபது வயது. உடன் வந்த அம்பேத்கருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருவரும் சேர்ந்து தாழ்த்தப்பட்டோருக்கான அரசியல் பாதுகாப்புகளைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தார்கள்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த வரவேற்பில், பறையன், தீண்டத்தகாதவன் என்று எழுதிய அடையாளத்தைச் சட்டையில் அணிந்து போனார் என்று சொல்லப்படுகிறது. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் விசாரித்தார். கீழ்ச்சாதியான் ஒருவன் தெருவில் விழுந்துவிட்டால் மேல்சாதியான் தூக்கிவிட மாட்டான் என்று சீனிவாசன் விளக்கினார். மன்னர் திடுக்கிட்டு, தம் ராஜ்யத்தில் அப்படி நடக்க விடமாட்டேன் என்றாராம். மேடைப் பேச்சாளர்கள் இந்தச் சம்பவத்தைப் பலவிதமாக வளர்த்துச் சொல்வார்கள். வளர்க்காமல் சொன்னாலே போதும்.

1932-ல் பூனா ஒப்பந்தம். தனித் தொகுதியும் இரட்டை வாக்கும் கைநழுவிப் போயின. பதிலாக மாகாணச் சபைகளில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். 1935-ல் மதம் மாறப்போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது இவர் உடன்படவில்லை. நாம் இந்துக்களின் வருணத்துக்குள்ளேயே இல்லை, உள்ளே இல்லாதவன் எப்படி வெளியேறுவது என்பது அவர் வாதம்.

1939-ல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற பெயரில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். மெல்லிய புத்தகம். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். எண்பது வயதை நெருங்கியவர், கோயம்புத்தூர்ப் பள்ளிக்கு வெளியே மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்ததை அதில் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

1945 செப்டம்பர் 18-ல் சென்னையில் காலமானார். ஓட்டேரியில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்துக்கு உரிமைக்களம் என்று பெயர்.