காலையில் தகவல் சொன்னவர்
தென்கச்சி சுவாமிநாதனின் கதை

டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர். பாய்லர் கொதிக்கிறது. மூலையில் ரேடியோ பேசிக்கொண்டிருக்கிறது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு குரல் வந்ததும் பேச்சு நின்றுவிடும். டீ ஆற்றுகிறவர்கூடக் கையைச் சற்று நிறுத்துவார். குரல் சில நிமிடம் பேசும். முடிந்ததும் கடை முழுவதும் சிரிப்பு.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் 14 ஆண்டுகள் இப்படித்தான் பொழுது விடிந்தது. அந்தக் குரலுக்கு உரியவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். நிகழ்ச்சியின் பெயர் "இன்று ஒரு தகவல்".

அவர் சினிமா நட்சத்திரம் அல்ல. அரசியல் தலைவர் அல்ல. பிறப்பால் விவசாயி, படிப்பாலும் விவசாயி. அப்படிப்பட்டவர் ஒலிவாங்கியின் முன்னால் வந்து உட்கார்ந்தது எப்படி?

கொள்ளிடத்துப் பிள்ளை

காவிரி திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி. வடக்கே போவது கொள்ளிடம். வெள்ளம் வந்தால் அதைத் தாங்கிக்கொண்டு கடலுக்கு ஓடுவது கொள்ளிடம்தான்.

அந்தக் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் இருக்கிறது தென்கச்சிப் பெருமாள்நத்தம். இன்றைக்கு அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தெற்கே ஆற்றைத் தாண்டினால் கும்பகோணம் சீமை. 1942ல் சுவாமிநாதன் பிறந்தது இந்தத் தென்கச்சியில்தான்.

பிற்காலத்தில் இந்த ஊர்ப் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. சுவாமிநாதன் என்றால் எந்தச் சுவாமிநாதன் என்று கேட்பார்கள். தென்கச்சி என்றால் யாரும் கேட்பதில்லை.

சுவாமிநாதன் விவசாயப் படிப்புப் படித்துப் பட்டம் பெற்றார். விவசாய இலாகாவில் உத்தியோகமும் கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம். மழை பெய்தாலும் சம்பளம், பெய்யாவிட்டாலும் சம்பளம்.

சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். சொந்த நிலத்தில் இறங்கினார். ஏறக்குறைய 10 ஆண்டு விவசாயம் செய்தார்.

அந்தக் காலத்தில் பட்டம் பெற்றவர் சர்க்கார் உத்தியோகத்தை விடுவது லேசான காரியம் அல்ல. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை படிப்பதே பெரிது. படித்த பிள்ளை திரும்பி வந்து வரப்பில் நின்றால் ஊர் என்ன பேசும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டு இல்லாவிட்டால் பின்னால் வந்த குரலும் இல்லை. புத்தகத்தில் படித்த பயிர் வேறு. வெயிலில் நின்று பார்த்த பயிர் வேறு. இரண்டையும் பார்த்தவர் அவர்.

ரேடியோ நெல்

அவர் நிலத்தில் நின்ற அந்த ஆண்டுகளில் தஞ்சை ஜில்லாவில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

1960ம் ஆண்டை ஒட்டி மத்திய சர்க்கார் தீவிர விவசாயத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. நல்ல விதை, உரம், கடன், யோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பது திட்டம். 'பேக்கேஜ் திட்டம்' என்று ஜனங்கள் சொன்னார்கள்.

1965ல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு புதிய நெல்லை வெளியிட்டது. ஜப்பான் நெல் ஒன்றையும், நம் நாட்டு ஜி.இ.பி. 24 என்ற நெல்லையும் இணைத்து உண்டாக்கியது. பெயர் ஏ.டி.டி. 27. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவைக்கு ஏற்ற நெல். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அறுத்துவிடலாம் என்பது ஆசை.

இந்த நெல்லின் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோனது எது? திருச்சி வானொலி. திருச்சியில் வானொலி நிலையம் ஏற்பட்டது 1939ம் ஆண்டு மே 16ந் தேதி. 1966ல் நாட்டின் சில நிலையங்களில் விவசாயிகளுக்கென்று பண்ணை, இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கின. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்றெல்லாம் மாலை நேரத்தில் ரேடியோ சொன்னது. சொன்னபடி செய்தார்கள். விளைந்தது.

ஏ.டி.டி. 27 என்று சொல்ல வாய் வரவில்லை. ரேடியோவில் கேட்டுப் போட்ட நெல் அல்லவா? 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

கடைமடையில் ஒரு காது

இதன் அருமை கடைமடைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதிராம்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பாக் நீரிணையின் கரையில் உள்ள ஊர். உப்பளம் உண்டு. மீன் உண்டு. தென்னந்தோப்பு உண்டு. 1934ல் மேட்டூர் அணையோடு கூடவே வந்த கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் இந்தக் கடைசி வயல்களுக்கு வந்து சேர்வதற்குள் நாள் பல ஆகிவிடும். ஒரு வாரம் பிந்தினாலும் கணக்குத் தப்பும். ஆகையால் அணை எப்போது திறக்கிறது, மழை எப்போது வருகிறது என்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய ஊர்கள் இவை.

அதிராம்பட்டினத்தில் வானிலை ஆய்வு நிலையம் ஒன்றும் இருக்கிறது. வானிலைச் செய்தியில் நாகப்பட்டினம், பாம்பன் என்று வரும் வரிசையில் அதிராம்பட்டினத்தின் பெயரும் வரும். தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்களே ரேடியோவில் கேட்பது ஒரு பெருமை.

கடல் தாண்டினால் இலங்கை. அங்கேயிருந்து வரும் ஒலி இந்தக் கரையில் துல்லியமாகக் கேட்கும். சினிமாப் பாட்டுக்கு எல்லாரும் திருப்பியது இலங்கை வானொலியைத்தான். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலுக்கு இங்கே ரசிகர்கள் ஏராளம். பாட்டுக்குக் கொழும்பு, பயிருக்குத் திருச்சி என்று பெட்டியின் முள் இரண்டு இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

பாட்டு அறிவிப்பில் தவறு வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பயிர் அறிவிப்பில் தவறு வந்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு போய்விடும். கடன் வாங்கிப் போட்ட உரம் போய்விடும். விவசாய ஒலிபரப்பில் உட்காருகிறவனுக்கு இந்தப் பயம் இருக்க வேண்டும்.

நெல்லைக்குப் பயணம்

1977ல் சுவாமிநாதன் வானொலிக்கு வந்தார். முதலில் போட்ட இடம் திருநெல்வேலி நிலையம். வேலை, பண்ணை இல்ல ஒலிபரப்பு.

கொள்ளிடக் கரையிலிருந்து தாமிரபரணிக் கரைக்கு வந்தால் ஆறு மட்டுமா மாறுகிறது? சொல்லே மாறுகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை, சம்பா, தாளடி. திருநெல்வேலியில் கார், பிசானம். அங்கே நிலத்தை மா, வேலி என்று அளப்பார்கள். இங்கே கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்பார்கள். நிபுணரோ ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுப்பார்.

நிபுணர் எழுதியதை அப்படியே படித்தால் வானொலிக்காரனுக்கு வேலை முடிந்தது. ஆனால் கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. ஹெக்டேரை ஏக்கராக்கி, ஏக்கரைக் கோட்டையாக்கி, மருந்தின் அளவை மூடிக் கணக்காக்கிச் சொன்னால்தான் அது வயலுக்குப் போய்ச் சேரும். பண்ணை ஒலிபரப்பின் முழு வித்தையும் இதுதான். ஏழு ஆண்டு சுவாமிநாதனுக்கு இதுவே தொழில்.

பெரிய விஷயத்தைச் சின்னச் சொல்லில் சொல்லுவது அங்கே கைவந்தது. கேட்பவர் ஓய்ந்து உட்கார்ந்திருப்பவர் அல்ல, மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டே கேட்கிறவர் என்ற நினைப்பும் அவர் பேச்சில் கடைசி வரை இருந்தது.

பட்டணத்தில்

1984ல் சென்னை நிலையத்துக்கு மாற்றம். சென்னை வானொலி 1938ல் தொடங்கிய பழைய நிலையம். சங்கீத வித்துவான்கள், நாடகக்காரர்கள், புலவர்கள் என்று பெரிய பெரிய குரல்கள் ஒலித்த இடம். அங்கே போய் நின்றார் இந்தக் கிராமத்துக்காரர்.

1988ல் "இன்று ஒரு தகவல்" தொடங்கியது. காலை வேளை. சில நிமிடங்கள்தான். பாட்டு இல்லை. வாத்திய முழக்கம் இல்லை. ஒரே ஒரு ஆள் பேச்சு.

அவருடைய குரலைக் கணீர்க் குரல் என்று சொல்ல முடியாது. மெதுவான குரல். ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லை. அவசரம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி. அந்த நாளில் வானொலி என்றால் இலக்கணத் தமிழ், நிமிர்ந்த தமிழ். இவரோ பேச்சுத் தமிழில் சாவகாசமாக நடந்தார்.

முதலில் ஒரு தகவல் வரும். உடம்பைப் பற்றி இருக்கும். அல்லது விஞ்ஞானம், சரித்திரம், எங்கோ ஒரு தேசத்து வழக்கம், ஒரு ஞானியின் கதை. கேட்பவர் மெய்ம்மறந்து தலையாட்டும் நேரத்தில் பேச்சு மெல்லத் திரும்பும். நம்மூர்க் கணவன் மனைவியோ, டாக்டரும் நோயாளியுமோ, வாத்தியாரும் பையனுமோ உள்ளே வருவார்கள். கடைசி வரியில் சிரிப்பு வெடிக்கும்.

ஆனால் சொன்னவர் சிரிக்க மாட்டார். அதுதான் விசேஷம்! சாவு வீட்டுச் செய்தி சொல்லுகிற மாதிரி அதே குரலில் நகைச்சுவையையும் சொல்லி முடித்துவிடுவார். சிரிக்கலாமா கூடாதா என்று கேட்பவர் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சிரிப்பார்.

சிரிப்பு வந்ததால் தகவலும் மனத்தில் நின்றது. பள்ளிக்கூடம் போகாத பெண்களும் வைட்டமினைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகள் அவர் சொன்ன கதையைப் பள்ளியில் போய்ச் சொன்னார்கள். காலையில் கேட்டதை மாலையில் மேடையில் சொந்தச் சரக்காக எடுத்து விட்ட பேச்சாளர்களும் உண்டு!

நாலாயிரம் காலை

தொடர்ந்து 14 ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் நாளுக்கு மேல் வருகிறது. விடுமுறை, விசேஷ நாள் எல்லாம் தாராளமாகக் கழித்தாலும் நாலாயிரம் காலைக்குக் குறையாது. நாலாயிரம் முறை புதிதாக ஒரு விஷயம் தேட வேண்டும். அதை எழுத வேண்டும். குழந்தையும் கேட்கிற மாதிரி, கிழவரும் கேட்கிற மாதிரி, எந்த மதத்தாரும் ஜாதியாரும் மனம் நோகாத மாதிரி சொல்ல வேண்டும். ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் கடிதம் வந்துவிடும்.

மேடைப் பேச்சாளனுக்கு எதிரே கூட்டம் இருக்கும். கை தட்டுவதைக் கேட்டு அடுத்த வார்த்தையை எடுக்கலாம். வானொலிக்காரனுக்கு எதிரே இருப்பது கண்ணாடிச் சுவர். எந்தச் சிரிப்பும் அவன் காதில் விழாது. வெற்று அறையில் உட்கார்ந்துகொண்டு ஊரைச் சிரிக்க வைத்தவர் அவர்.

அந்தப் பேச்சுக்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். ஒன்று இரண்டு அல்ல, பல பாகங்கள் வந்தன. ரேடியோவில் கேட்டவர்களே காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். அவர் குரல் தெரிந்தவர்களுக்கு அச்செழுத்திலும் அந்தக் குரல் கேட்டது.

உத்தியோகத்தில் உதவி நிலைய இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். 2002ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு தொலைக்காட்சியில் தோன்றினார். இத்தனை நாள் குரலை மட்டும் கேட்டவர்களுக்கு முகமும் தெரிந்தது. குரலை வைத்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தார்கள். பார்த்தால், எதிர்வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தார். சினிமாவிலும் கொஞ்சம் தலைகாட்டினார். அது அவருடைய கதையில் பெரிய அத்தியாயம் அல்ல.

2009ம் ஆண்டு செப்டம்பர் 16ந் தேதி சென்னையில் காலமானார். சம்பா நாற்றங்காலுக்கு டெல்டாவில் தண்ணீர் பாயும் மாதம் அது.

பழைய ஒலிப்பதிவுகள் இப்போதும் கிடைக்கின்றன. ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் தேடித் தென்கச்சியின் பேச்சைப் போட்டுக் கேட்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளை, இவர் ஏன் சிரிக்காமல் பேசுகிறார் என்று பாட்டியைக் கேட்கிறது. கடைசி வரி வரட்டும் என்று பாட்டி கையமர்த்துகிறாள்.