காயிதே மில்லத்தும் வாக்கின் அளவுகோலும்

படப்பையிலிருந்து தாம்பரம் வழியாகச் சென்னை செல்லும் நம் மாணவர்கள் குரோம்பேட்டையைக் கடந்தே செல்கின்றனர். அவ்வூரில் எளிய வாழ்வு வாழ்ந்தவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அன்னார், ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946இல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்.

நாடு பிரிந்தபின், முஸ்லிம்கள் ஒன்றுபட்டு வாக்களிப்பதே ஐயத்திற்குரியதாயிற்று. லீகைக் கலைத்துவிடுமாறு பலரும் வற்புறுத்தினர். அன்னார் இணங்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் அரங்கில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அவர் தலைமையில் உருவாயிற்று. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் தனித்தொகுதி வேண்டி அவர் கொணர்ந்த திருத்தம் தோற்றது. தோல்வியை ஏற்றுப் பொதுத்தொகுதியில் மக்களை நாடினார். அதே சபையில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்து அதன் உரிமைக்காகவும் வாதாடினார்.

1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரி அவரை மக்களவைக்கு அனுப்பியது. மலையாளம் பேசுவோர் ஒரு தமிழரைத் தேர்ந்தனர். இதனை வெறும் சமயப்பற்று என ஒதுக்குவோர், தொகுதியில் எச்சாதியினர் மிகுதி என எண்ணிப் பார்த்து வேட்பாளரை நிறுத்தும் கட்சிகளை என்னென்று அழைப்பர்? 1967இல் தமிழகத்தில் அண்ணா, ராஜாஜி ஆகியோரின் அணியில் லீக் சேர்ந்தபோது, முஸ்லிம்களின் வாக்கு பிற சமய வேட்பாளர்களுக்கும் விழுந்தது. பெற்ற எவரும் அவ்வாக்கை வகுப்புவாத வாக்கென்று மறுக்கவில்லை. தமக்கு விழுந்தால் நாட்டுப்பற்று, பிறர்க்கு விழுந்தால் வகுப்புணர்வு என்பது நீதியன்று.

அவ்வளவுகோலை நாம் நம்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டும். நம்மவருள் ஒருவர் வேறு கட்சிக்கு வாக்களித்தால் அவரைச் சமுதாயத் துரோகி என்று ஏசுவதும் இரட்டை அளவையே ஆகும்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்த அப்பெருந்தகை, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் உறங்குகின்றார். முதன்முறையாக வாக்களிக்கச் செல்லும் நம் மாணவர்கள் அவர் வாழ்வை நினைவிற்கொள்வார்களாக! எடைக்கல் ஒன்றாயிருப்பின் தராசும் நேராய் நிற்கும்.